வாசகர் கேள்வி பதில்: ஆறு நிமிஷத்துல முங்கிப்போன எல்எஸ்டி 531

போன இதழ்ல, ரெண்டாம் உலகப் போர்ல நேச நாட்டுப் படைங்க 1944 ஜூன் 6ல பிரான்ஸ் கரையில இறங்கின நார்மண்டி தரையிறக்கம் பத்தி எழுதினப்போ போற போக்குல ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், "இதுக்கான ஒத்திகையிலயே எல்எஸ்டி 531னு ஒரு கப்பல் நானூறு பேருக்கு மேல சுமந்துக்கிட்டு முங்கிப் போச்சு"ன்னு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவ அதிகமா கேள்வி வந்திருக்கு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு, இந்த தடவ மொத்த இடமும் அந்தக் கப்பலுக்குத்தான்.

கேள்வி: ஒத்திகையில நானூறு பேரா? அது நாற்பதுன்னு இருக்கணும், அச்சுப்பிழைதானே?

அச்சுப்பிழை இல்லைங்க. 1944 ஏப்ரல் 28, விடியறதுக்கு முன்னாடி ராத்திரி 2 மணி சுமாருக்கு, இங்கிலாந்தோட தெக்குக் கரையில லைம் பேன்னு ஒரு வளைகுடா இருக்கு, அங்க நடந்தது. அமெரிக்க கடற்படையோட கப்பல் எல்எஸ்டி 531. அன்னிக்கு அதுல மாலுமிங்க, ராணுவ ஆளுங்க எல்லாம் சேத்து சுமார் 500 பேர் இருந்தாங்க. அப்போ எழுதின கணக்குப்படி இந்த ஒரு கப்பல்ல மட்டும் போனது 424 பேர். கூடவே போன எல்எஸ்டி 507ல 202 பேர், எல்எஸ்டி 289ல 13 பேர். கூட்டிப் பாத்தா 639 வரும். ஆனா பின்னாடி ராணுவத்தோட கணக்க திரும்ப பாத்து 749னு ஆச்சு, அதுல ராணுவம் 551, கடற்படை 198. இப்ப எல்லாரும் சொல்றது இந்த 749தான், நெனவுச் சின்னங்கள்லயும் அந்த நம்பர்தான் இருக்கு. நீங்க எங்கயாவது 639னு படிச்சா அதுவும் பொய் இல்ல, அது முதல் கணக்கு, அவ்வளவுதான்.

இதுக்கு பக்கத்துல இன்னொரு நம்பர வச்சுப் பாருங்க. ஜூன் 6ஆம் தேதி நெசமான தரையிறக்கம் நடந்தப்போ நார்மண்டியில யூட்டான்னு பேரு வச்ச கடற்கரையில இறங்கின 4ஆவது காலாட்படை டிவிஷன்ல செத்தவங்க, காயம் பட்டவங்க, காணாம போனவங்க எல்லாம் சேத்தே 200க்கு கிட்டத்தான். அந்த யூட்டாவுக்காக நடந்த ஒத்திகைதான் இது. அதுல செத்தவங்க மட்டுமே 749. இத முதல் தடவ படிச்சப்போ நானும் உங்கள மாதிரி அச்சுப்பிழையா இருக்கும்னுதான் நெனச்சேன்.

கேள்வி: எல்எஸ்டின்னா என்ன? கப்பலுக்கு பேரு கூட வைக்காம நம்பர் போட்டு விட்டுட்டாங்களே, ஏன்?

லேண்டிங் ஷிப் டாங்க்னு விரிவு. டாங்கிகளையும் லாரிகளையும் ஏத்திக்கிட்டு கடல தாண்டிப் போய், துறைமுகமே இல்லாத வெறும் மணல்ல மூக்க வச்சு நின்னு, முன்பக்க கதவு ரெண்டையும் தொறந்து, சாய்வுப் பலகைய இறக்கி, வண்டிங்கள அப்படியே ஓட்டி வெளிய விடற கப்பல். கேக்க சுலபமா இருக்கு ஆனா இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அட்லாண்டிக்க தாண்டணும்னா கப்பலோட அடி தண்ணிக்குள்ள நல்லா ஆழமா இறங்கி இருக்கணும், இல்லன்னா அலையில உருட்டித் தள்ளிரும், ஆனா கரையில ஏறணும்னா அடி தட்டையா, தண்ணிக்கு மேலாப்புல இருக்கணும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு நேர் எதிர். 1941 நவம்பர்ல அமெரிக்க கடற்படையில ஜான் நீடர்மேயர்னு ஒரு வடிவமைப்பாளர் இதுக்கு ஒரு வழி வரைஞ்சு காட்டினார்: கப்பலுக்குள்ள பெரிய பெரிய தொட்டி, கடல்ல போறப்போ அதுல தண்ணிய நெரப்பி ஆழமா இறக்கிக்கலாம், கரை கிட்ட வந்ததும் தண்ணிய பம்ப் பண்ணி வெளிய தள்ளிட்டா கப்பல் மேல எழும்பிரும். அப்புறம் கரையில மாட்டிக்கிட்ட கப்பல திரும்ப கடலுக்கு இழுக்க, வரும்போதே பின்பக்கம் ஒரு நங்கூரத்த போட்டுட்டு வரணும், வேல முடிஞ்சதும் அந்த கயித்த சுத்தி சுத்தி தன்னத்தானே பின்னாடி இழுத்துக்கும். எனக்கு இந்த யோசனை மேல அவ்வளவு மரியாதை.

328 அடி நீளம், 50 அடி அகலம். வேகம் மட்டும் ரொம்ப மோசம், முழு மூச்சா ஓட்டினாலே 12 நாட் (மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர்) தாண்டாது. போர்ல இப்படி ஆயிரத்துக்கு மேல கட்டினாங்க, அத்தனைக்கும் உக்காந்து பேரு வைக்க நேரமில்ல, நம்பர்தான். அதுல வேல பாத்த மாலுமிங்க மட்டும் அந்த மூணு எழுத்துக்கு வேற விரிவு வச்சிருந்தாங்க, "பெருசா மெதுவா போற இலக்கு"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி.

கேள்வி: இந்தக் கப்பல் கடலே இல்லாத ஊர்ல கட்டினதுன்னு படிச்சேன், உண்மையா?

உண்மை. எல்எஸ்டி 531 பிறந்தது இண்டியானா மாநிலத்துல இவான்ஸ்வில், ஒஹாயோ ஆத்தங்கரை. கடலுக்கும் அந்த ஊருக்கும் நூத்துக்கணக்கான மைல். கடலோர யார்டெல்லாம் பெரிய போர்க்கப்பல் கட்டறதுல மூழ்கிக் கெடந்ததால, பாலமும் இரும்புச் சட்டமும் செஞ்சுக்கிட்டிருந்த கம்பெனிங்கள கூப்பிட்டு கப்பல் கட்டச் சொன்னாங்க. 531ஐ கட்டினதும் மிசௌரி வேலி பிரிட்ஜ் அண்ட் அயர்ன்னு ஒரு பால கம்பெனிதான், பேரிலயே பாலம் இருக்கு பாருங்க. அந்த ஊர்ல மட்டும் 167 எல்எஸ்டி கட்டியிருக்காங்க, வெல்டிங் வேலையில பெண்கள் ஏராளம். 1943 நவம்பர்ல 531ஐ ஆத்துல இறக்கினாங்க, அப்படியே ஒஹாயோ, அங்கிருந்து மிசிசிப்பின்னு ஆத்தோட போய்த்தான் கடல பாக்கணும். 1944 ஜனவரியில கடற்படையில சேந்துச்சு, அட்லாண்டிக்க தாண்டி இங்கிலாந்து வந்துச்சு, ஏப்ரல் கடைசியில கடலடியில. கடற்படை கப்பலா அது இருந்தது நாலு மாசம் கூட முழுசா இல்ல. எந்த வேலைக்காக கட்டினாங்களோ, எதிரி கரையில போய் கதவ தொறக்கறது, அந்த வேலைய அது ஒரு தடவ கூட செய்யல.

கேள்வி: ஒத்திகைக்கு ஏன் அந்த இடம்? அங்க மக்கள் இல்லையா?

இருந்தாங்க. டெவன் கவுண்டியில ஸ்லாப்டன் சாண்ட்ஸ்னு ஒரு கடற்கரை. முன்னாடி சரளை மணல், அதுக்கு பின்னாடி ஒட்டினாப்புல ஒரு ஏரி, அதுக்கப்புறம்தான் நிலம். நார்மண்டியில யூட்டா கடற்கரைக்கு பின்னாடியும் ஜெர்மன்காரங்க தண்ணிய தேக்கி விட்டிருந்தாங்க, அதனால அச்சு அசலா அதே மாதிரி இடம் வேணும்னு இத புடிச்சாங்க. சுத்தியிருந்த ஸ்லாப்டன், டார்கிராஸ், ஸ்ட்ரீட் மாதிரி ஊர்கள்ல இருந்து சுமார் 3,000 பேர 1943 கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வீடு வாசல், மாடு கன்னு, தலமுறை தலமுறையா பயிர் வச்ச நெலம் எல்லாத்தையும் விட்டுட்டு காலி பண்ண வச்சாங்க, எதுக்குன்னு கூட அவங்களுக்கு முழுசா சொல்லல. அந்த காலியான ஊர்கள்லதான் 1944 ஏப்ரல் 22 முதல் 30 வரைக்கும் எக்சர்சைஸ் டைகர்னு இந்த ஒத்திகை. நெஜ குண்டு, நெஜ வண்டி, வண்டியில நெஜ பெட்ரோல், எல்லாம் ஜூன்ல எப்படியோ அப்படியே.

கேள்வி: எட்டு கப்பல் வரிசையா போகுது, காவலுக்கு யாருமே இல்லையா? எதிரி அவ்வளவு பக்கம் எப்படி வந்தான்?

இந்தக் கேள்விய மூணு பேர் கேட்டிருக்கீங்க, சரியான கேள்வியும் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அந்த கப்பல் வரிசைக்கு, அதாவது கான்வாய்க்கு, பேரு டி-4. பிளைமவுத்துல இருந்து அஞ்சு கப்பல் (515, 496, 511, 531, 58), பிரிக்சம்ல இருந்து மூணு (499, 289, 507), ராத்திரி கடல்ல ஒன்னா சேந்து ஒரே வரிசையா போகுது. காவலுக்கு ரெண்டு பிரிட்டிஷ் கப்பல்னு திட்டம். முன்னாடி அசேலியான்னு ஒரு கார்வெட், சின்ன கப்பல். இன்னொன்னு ஸ்கிமிட்டர்னு ஒரு டிஸ்ட்ராயர், அதுதான் வேகமானது. அந்த ஸ்கிமிட்டர் அதுக்கு முன்னாடி ஒரு லேண்டிங் கிராஃப்ட்டோட லேசா மோதி அடிபட்டு ரிப்பேருக்காக பிளைமவுத்துல நின்னுடுச்சு. சரி, ரிப்பேர் வர்றது சகஜம். ஆனா அது வரலைங்கற சேதிய கான்வாய நடத்தின அமெரிக்கங்களுக்கு யாரும் சொல்லல. பதிலுக்கு வேற கப்பல் அனுப்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அடுத்தது இன்னும் கொடுமை. பிரான்ஸ்ல செர்பூர் துறைமுகத்துல இருந்து ஜெர்மன் டார்பிடோ (தண்ணிக்குள்ள பாஞ்சு போய் கப்பல தாக்கற குண்டு) படகுங்க ஒம்பது, ராத்திரி 10 மணி வாக்குல கெளம்பிருச்சு. அவங்க பாஷையில ஷ்நெல்போட், வேகப்படகு, நேச நாட்டு ஆளுங்க ஈ-போட்னு சொல்வாங்க. 40 நாட் வேகத்துக்கு கிட்ட போகும். எதிரி படகு நடமாட்டம் இருக்குன்னு பிரிட்டிஷ் தரப்புக்கு தெரிஞ்சுது, ரேடியோவுல சேதியும் போச்சு, அசேலியாவுக்கு கிடைச்சுது. எல்எஸ்டிகளுக்கு கிடைக்கல. ஏன்னா கட்டளை தாள்ல டைப் அடிச்சப்போ அலைவரிசைய தப்பா அடிச்சுட்டாங்க, எட்டு கப்பலும் வேற அலைவரிசைய கேட்டுக்கிட்டிருந்துச்சு. அசேலியாவோ, அமெரிக்கங்களுக்கும் இதே சேதி போயிருக்கும்னு நெனச்சு தனியா எதுவும் சொல்லல. ஒரு கப்பலுக்கு தெரியும், எட்டு கப்பலுக்கு தெரியாது, எல்லாம் ஒரே கடல்ல ஒரே வரிசையில.

பெரிய துரோகம் எதுவும் இல்லைங்க இதுல, ஒரு மோதல், சொல்லாம விட்ட ஒரு வார்த்தை, டைப் அடிச்சதுல ஒரு தப்பு. எனக்கு இந்தக் கதையில மனசு ஆறாத இடம் இதுதான், ஒரு போன் போட்டிருந்தா, தாள ஒருத்தர் உரக்கப் படிச்சு இன்னொருத்தர் சரி பாத்திருந்தா போதும்.

கேள்வி: 531ல அந்த கடைசி நிமிஷங்கள்ல என்ன நடந்துச்சு?

முதல்ல அடி வாங்கினது 507. டார்பிடோ பட்டு உள்ள இருந்த வண்டிங்களோட பெட்ரோல் புடிச்சு எரிய ஆரம்பிச்சுது. மத்த கப்பல்ல இருந்தவங்கள்ல நெறைய பேர் தூரத்துல தெரிஞ்ச வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒத்திகையோட ஒரு பகுதின்னே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு வேற மாதிரி நெனைக்க காரணமே இல்லையே.

கொஞ்ச நேரத்துல, 2:18 வாக்குல, 531 மேல வலது பக்கம் ஒன்னு பின்னாடி ஒன்னா ரெண்டு டார்பிடோ. ஒன்னு நடு வயித்துல, அடுத்தது இஞ்சின் பக்கம். கப்பல் முழுக்க தீ, கரண்ட் போச்சு, போன் போச்சு, தீயணைக்க தண்ணி அடிக்கலாம்னா பம்ப் ஓட வழியில்ல. வலப்பக்கமா சாஞ்சு, அப்படியே உருண்டு, ஆறே நிமிஷத்துல உள்ள போயிருச்சு.

ஆறு நிமிஷம்னா என்னன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. டாங்கி ஏத்தற தளம் கப்பலோட வயித்துல இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் தடுப்பே இல்லாத ஒரே கூடம் மாதிரி, தண்ணியோ தீயோ புகுந்தா நிக்க எடமில்ல. ராத்திரி 2 மணி, சிப்பாய்ங்கள்ல பாதி பேர் தூக்கத்துல, அவங்க கடல் ஆளுங்க கிடையாது, ராணுவத்தோட சப்ளை பிரிவுல இருந்தவங்க நெறைய பேர், அந்த கப்பலோட படிக்கட்டு எங்க திரும்புதுன்னு கூட இருட்டுல தெரியாது. 3206ஆவது குவார்ட்டர்மாஸ்டர் சர்வீஸ் கம்பெனின்னு ஒரு பிரிவு இந்த 531லதான் வந்துச்சு. 251 பேர்ல 201 பேர் செத்தாங்க இல்ல காயம் பட்டாங்க. மிசௌரி மாநிலத்து பசங்க அதுல நெறைய. கப்பல்ல வந்த ஆறு பேர்ல கிட்டத்தட்ட அஞ்சு பேர் திரும்பல.

கேள்வி: எல்லாருக்கும் லைஃப் பெல்ட் கொடுத்திருப்பாங்களே, அப்புறம் ஏன் இவ்வளவு பேர்?

கொடுத்தாங்க. போட்டும் இருந்தாங்க. அந்த பெல்ட்டே நெறைய பேர கொன்னுருச்சு, எழுதவே கை வரல.

அது டியூப் மாதிரி ஒரு பெல்ட், அமுக்கினா கேஸ் குப்பி ஒடைஞ்சு ஊதிக்கும். அக்குளுக்கு கீழ, நெஞ்சு ஒசரத்துல போடணும், அப்பதான் தல மேல நிக்கும். ஆனா சிப்பாய் முதுகுல மூட்டை இருக்கு, கனமான உடுப்பு, ஹெல்மெட், அதனால சவுகரியமா இருக்குன்னு இடுப்புல பெல்ட் மாதிரி கட்டிக்கிட்டாங்க. எப்படி போடணும்னு அவங்களுக்கு ஒழுங்கா யாரும் பழக்கல. தண்ணியில குதிச்சதும் இடுப்பு மட்டும் மேல தூக்குது, மேல் பாகத்துல மூட்டை பாரம், ஆளு தலைகீழா கவுந்துட்டாரு. காலையில தேட வந்தவங்க பாத்தது தண்ணிக்கு மேல காலும், கீழ தலையுமா மெதந்த உடம்புங்கள. நீந்தத் தெரிஞ்சவன் கூட அப்படி கவுந்தா நிமிர முடியாது.

தப்பிச்சவங்களுக்கு அடுத்த எதிரி குளிர். ஏப்ரல் மாச இங்கிலீஷ் கால்வாய் தண்ணி, கை கால் வெறைச்சு, பிடிச்சுக்கிட்டிருந்த பலகைய தானா விட்டுட்டு போயிருவாங்க. அது போக தண்ணி மேல எண்ணெய் எரியுது. சில உயிர்காப்பு படகுங்க துருப்பிடிச்சு இறங்கவே இல்ல. மணிக்கணக்கா அப்படியே கெடந்திருக்காங்க.

கேள்வி: மத்த கப்பல் எல்லாம் நின்னு காப்பாத்தலையா?

நிக்கக் கூடாதுன்னுதான் விதி. எதிரி படகு சுத்திக்கிட்டு இருக்கறப்போ நிக்கிற கப்பல் அடுத்த குறி, அதுலயும் ஆளுங்க நூத்துக்கணக்குல இருக்காங்க. அந்த விதியில நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது. 289க்கு பின்பக்கம் டார்பிடோ பட்டு பின்பகுதியே நசுங்கிருச்சு, அதோட தன் சொந்த சின்ன படகுங்கள இறக்கி இழுக்க வச்சு டார்ட்மவுத் துறைமுகம் வரைக்கும் தத்தி தத்தி போய் சேந்துச்சு. 496 சுட்டது இருட்டுல 511 மேல பட்டு அங்க 18 பேருக்கு காயம். அவ்வளவு குழப்பம்.

அதுக்கு நடுவுல 515. கான்வாய் தலைவரே அதுலதான் இருந்தார், கரைக்குப் போகணும்ங்கறது அவர் முடிவு. கப்பலோட கேப்டன் ஜான் டாய்ல் ஒத்துக்கல, அங்க தண்ணியில நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு வாதாடி கப்பல திருப்பினார். விடியற நேரத்துல அந்த இடத்துக்கு வந்து, சின்ன படகுங்கள இறக்கி, நூத்துக்கு மேல பேர உயிரோட தூக்கினாங்க. அன்னிக்கு அவர் கணக்கு தப்பியிருந்தா இன்னொரு கப்பலும் போயிருக்கும், அவர் மேல வழக்கு கூட வந்திருக்கும், அது தெரிஞ்சேதான் திருப்பினார். 507லயும் 531லயும் உயிரோட மிஞ்சினவங்கள்ல நெறைய பேருக்கு பேரப்பிள்ளைங்க இருக்காங்கன்னா அதுக்கு இந்த மனுஷன்தான் காரணம்.

கேள்வி: இத 40 வருஷம் மூடி மறைச்சாங்கன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே?

பாதி உண்மை, பாதி மிகை. அந்த நேரத்துல மறைச்சாங்க, அதுல சந்தேகமே இல்ல. தரையிறக்கத்துக்கு ஆறு வாரம் கூட இல்ல, ஒத்திகை எந்த மாதிரி கடற்கரையில நடக்குதுன்னு வெளிய தெரிஞ்சாலே எங்க இறங்கப் போறாங்கன்னு ஊகிச்சுரலாம். டார்செட்ல ஷெர்போர்ன்ல இருந்த அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிக்கு நனைஞ்சு வெறைச்சு வந்தவங்கள கொண்டு வந்தப்போ, டாக்டர் நர்ஸ் யாரும் எதுவும் கேக்கக் கூடாது, வைத்தியம் மட்டும் பாக்கணும், பேசினா ராணுவ கோர்ட்டுன்னு உத்தரவு. பிழைச்சவங்களுக்கும் அதேதான்.

இதுல இன்னொரு பயம் இருந்துச்சு. தரையிறக்கம் எங்க, எப்போன்னு தெரிஞ்ச அதிகாரிங்களுக்கு பிகாட்னு ஒரு ரகசிய அனுமதி. அந்த அனுமதி இருந்த பத்து பேர் அன்னிக்கு ராத்திரி காணாம போனாங்க. ஒருத்தர ஜெர்மன் படகு உயிரோட தூக்கிட்டு போயிருந்தா மொத்த திட்டமும் போச்சு. பத்து பேர் உடம்பும் கெடைக்கற வரைக்கும் தேடினாங்க, பத்தும் கெடைச்சுது. அதுக்கப்புறம்தான் மேலிடத்துல மூச்சு விட்டாங்க. அந்த தேடல பத்தி படிக்கறப்போ எனக்கு ஒன்னு மட்டும் நெருடும், மத்தவங்க உடம்பையும் அதே அக்கறையோட தேடியிருந்தா எத்தனை குடும்பத்துக்கு ஒரு கல்லறையாவது இருந்திருக்கும்.

ஆனா நார்மண்டி முடிஞ்சதும் 1944 ஆகஸ்ட்லயே சேதி வெளிய விட்டுட்டாங்க, ராணுவப் பத்திரிகையிலயும் வந்துச்சு. அப்போ பிரான்ஸ்ல போர் மும்முரமா நடக்குது, தினம் ஒரு ஊர் விடுதலை, இந்த சேதிய கவனிக்க ஆள் இல்ல. வேணும்னே பூட்டி வச்சதுங்கறத விட, யாரும் திரும்பிப் பாக்கலைங்கறதுதான் நெசம். 1954ல ஸ்லாப்டன் கடற்கரையில அமெரிக்க ராணுவம் ஒரு கல் வச்சுது, வீட்ட விட்டுக்கொடுத்த ஊர் மக்களுக்கு நன்றின்னு. நல்ல காரியம்தான். செத்தவங்கள பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல.

கேள்வி: அந்தக் கடற்கரையில ஒரு கருப்பு டாங்கி நிக்குதே, அது 531ல இருந்து எடுத்ததா?

இல்லைங்க, இத நெறைய பேர் தப்பா எழுதறாங்க. அது தண்ணியில மெதக்கற மாதிரி மாத்தின ஷெர்மன் டாங்கி, கரைக்கு பக்கத்துலயே ஒத்திகை நேரத்துல முங்கினது, இந்த கப்பலோட சேந்தது இல்ல. 531 கெடக்கறது அங்கிருந்து ரொம்ப தூரம் கிழக்க, போர்ட்லாண்ட் பக்கம் கடலடியில.

ஆனா அந்த டாங்கி அங்க நிக்கறதுனாலதான் இன்னிக்கு நாம இந்தக் கப்பல பத்தி பேசறோம். டார்கிராஸ்ல கென் ஸ்மால்னு ஒருத்தர், கரையில அலைஞ்சு பொறுக்கிறப்போ தோட்டா, பித்தான், ராணுவ சாமான் எல்லாம் கெடைக்கவும், இதெல்லாம் எங்கிருந்து வருதுன்னு தோண்ட ஆரம்பிச்சார். மீனவங்க சொல்லி தண்ணிக்கடியில டாங்கி இருக்கறது தெரிஞ்சு, 1974ல அமெரிக்க அரசாங்கத்துக்கிட்ட 50 டாலருக்கு விலைக்கு வாங்கினார். வெளிய இழுக்க 1984 ஆச்சு. பத்து வருஷம் ஒரு தனி மனுஷன் சொந்த காசுல, தன் நாட்டுக்காரங்க கூட இல்லாத பசங்களுக்காக அலைஞ்சிருக்கார். 1987ல அமெரிக்க தரப்புல இருந்து அங்க ஒரு பட்டயம் வச்சாங்க. 2004ல அவர் இறந்துட்டார்.

கேள்வி: இதுக்கு யாராவது பொறுப்பேத்தாங்களா? ஏதாவது மாத்தினாங்களா?

ஒத்திகைக்கு கடற்படை பொறுப்பு ரியர் அட்மிரல் டான் மூன். யூட்டா தரையிறக்கத்தையும் அவர்தான் நடத்தினார், அது நல்லபடியா நடந்துச்சு. அடுத்தது தெற்கு பிரான்ஸ் தரையிறக்கம், அதுக்கு தயாராகிட்டு இருக்கறப்போ 1944 ஆகஸ்ட் 5ல தன்னத்தானே சுட்டுக்கிட்டார். மேல இருந்தவங்க வேலைப்பளுவும் அசதியும்தான் காரணம்னு சொன்னாங்க. ஏப்ரல் 28தான் காரணம்னு நெறைய பேர் எழுதறாங்க, ஒரு மனுஷன் மனசுக்குள்ள இருந்தத அப்படி ஒரே காரணத்துல அடக்க நான் தயாரா இல்ல.

மாத்தினது உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல் எல்லாம் ஒரே அலைவரிசையில இருக்கணும்னு ஆச்சு. லைஃப் பெல்ட் எப்படி போடணும்னு ஒவ்வொரு சிப்பாய்க்கும் பழக்கினாங்க. தண்ணியில விழுந்தவங்கள தூக்கறதுக்குன்னே சின்ன படகுங்கள தரையிறக்கத்தப்போ தனியா ஒதுக்கினாங்க. ஜூன் 6ல அந்தப் படகுங்க நெறைய பேர தூக்குச்சு.

இன்னொரு சங்கடம், அப்போ உலகத்துலயே தட்டுப்பாடான சாமான் எல்எஸ்டிதான், அது பத்தலைன்னுதான் நார்மண்டியோட சேத்து நடக்க வேண்டிய தெற்கு பிரான்ஸ் தரையிறக்கத்தையே தள்ளி வச்சிருந்தாங்க. ரெண்டு முங்கி ஒன்னு ஒடைஞ்சதுல நார்மண்டிக்கு கையிருப்புன்னு ஒரு எல்எஸ்டி கூட மிச்சமில்லாம போச்சு. அந்த நெலமையிலதான் ஜூன்ல கெளம்பினாங்க.

கேள்வி: உடம்பு கெடைக்காதவங்க பேராவது எங்கயாவது இருக்கா?

இருக்கு. கெடைச்ச உடம்புங்கள முதல்ல லண்டன் பக்கம் புரூக்வுட்ல புதைச்சு வச்சிருந்தாங்க, போர் முடிஞ்சதும் சிலர குடும்பத்துக்கே அனுப்பினாங்க, மத்தவங்கள கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கற அமெரிக்க கல்லறைத் தோட்டத்துக்கு மாத்தினாங்க. அங்க நீளமா ஒரு வெள்ளைச் சுவர் இருக்கு, காணாமல் போனவர்களின் சுவர்னு பேரு, 5,000க்கும் மேல பேர் செதுக்கியிருக்கு. 531ல இருந்து திரும்பாதவங்கள்ல உடம்பு கெடைக்காதவங்க பேர் அதுலதான். கேள்வி கேட்ட வாசகி மகன் கேம்பிரிட்ஜ்ல படிக்கறதா எழுதியிருக்காங்க, டவுன்ல இருந்து மூணு நாலு மைல்தான், போகச் சொல்லுங்கம்மா. பேருக்கு பக்கத்துல பிரிவு பேரும் போட்டிருக்கும், குவார்ட்டர்மாஸ்டர்னு வர்றத தேடிப் பாக்கச் சொல்லுங்க.